மொறிஸ் மைனர் ரைமிங்: கோளாறைக் கொண்டு பிழை பிடிப்பது

கோண்டாவிலில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் 948 சிசி மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. ஹெட்டைக் கழற்றி, வால்வ் தேய்த்து, முன்பக்கச் செயினையும் மாற்றி, எல்லாம் பூட்டி முடித்த அன்று அது ஸ்ராட் ஆகவில்லை. பிளக்குகளுக்கு முறைப்படி பொறியை அனுப்பும் டிஸ்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பியே ஒரு முழு ஞாயிறு போனது. கடைசியில் பார்த்தால், எத்தனை திருப்புத் திருப்பினாலும் சரிவராத இடத்தில் பிழை இருந்தது. ரைமிங் என்பது, பிஸ்ரன் எந்த இடத்தில் நிற்கும்போது பொறி அடிக்கிறது, வால்வ் திறக்கிறது என்பது. அன்று நான் எந்த ஒழுங்கில் பார்த்திருக்க வேண்டுமோ, அந்த ஒழுங்கில் இதை எழுதுகிறேன். ஒஸ்ரின் ஏ30, ஏ35 வைத்திருப்பவர்களும் பின்பற்றலாம். அவற்றுக்குள் இருப்பதும் இதே ஏ சீரிஸ் எஞ்சின்தான். நான் மெக்கானிக் இல்லை. சாவிப் பெட்டியும் பிடிவாதமும் உள்ள ஒருவன், அவ்வளவுதான்.

குறிகள் எங்கே இருக்கின்றன

இந்த எஞ்சினில் குறி மூன்று இடத்தில் உண்டு. முதலாவது உள்ளே, முன்மூடிக்குப் பின்னால்: கிராங்கின் (பிஸ்ரன்கள் சுற்றிவிடும் தண்டு) பல்சக்கரத்திலும் கேமின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பல்சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி. செயினைப் பூட்டும்போது இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேரே பார்க்க வேண்டும். இரண்டாவது வெளியே: கிராங் புல்லியின் பின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, அதற்கு நேரே முன்மூடியின் அடியில் கூரான மூன்று சுட்டிகள். நீளமான சுட்டி பிஸ்ரன் உச்சிக்கு வரும் இடம்; இதைத்தான் ‘ரொப்’ என்கிறோம். மற்ற இரண்டும் அதற்கு 5, 10 டிகிரி முன்னால். காருக்கு அடியில் படுத்து ரோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். கிறீஸும் செம்மண்ணும் சேர்ந்து அந்த இடத்தை மூடியிருக்கும், முதலில் மண்ணெண்ணெய் பூசிக் கழுவுங்கள். மூன்றாவது டிஸ்ரிபியூட்டர்: அதற்குள் சுற்றும் கையான ரோட்டர் 1ஆம் சிலிண்டரின் வயரைப் பார்க்க வேண்டும். 1ஆம் சிலிண்டர் என்பது ரேடியேற்றர் பக்கம் இருப்பது.

இந்த மூன்று குறிகளும் தங்களுக்குள் முரண்பட்டால் நான்காவதாகப் பிஸ்ரனைக் கேட்க வேண்டும். அது எப்படி என்று கீழே வருகிறது.

ரைமிங்கைத் தொடுவதற்கு முன்

ரப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதை அமத்தும் கைக்கும் இடையில் உள்ளது), எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் முனைகள்) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. பிளக் 0.025. இவற்றை முதலில் வைத்துவிடுங்கள். முக்கியமாகப் பொயின்ற். இடைவெளி கூடினால் பொயின்ற் முந்தித் திறக்கும், ரைமிங்கும் முந்தும்; இடைவெளி குறைந்தால் பிந்தும். ரைமிங் வைத்து முடித்துவிட்டுப் பொயின்றைச் சரிசெய்தால் வைத்த ரைமிங் போய்விடும். இதைத் தலைகீழாகச் செய்கிற ஆட்களை நான் கராஜ்களிலும் பார்த்திருக்கிறேன்.

ரப்பெற்றுக்கு ஒன்பது விதி போதும். எட்டு வால்வுகளையும் ரேடியேற்றர் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். 8ஆவது முழுதாகத் திறந்து நிற்கும்போது 1ஐச் சரிசெய்ய வேண்டும், 6 திறந்து நிற்கும்போது 3ஐ. கூட்டினால் எப்போதும் 9.

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சினை முன்னால் செருகும் ஹாண்டிலால் இலகுவாகச் சுற்றலாம். முன்னால் நின்று பார்த்தால் கிராங் வலஞ்சுழியாகச் சுற்றும். குறிக்கு எப்போதும் அந்தத் திசையிலேயே வந்து சேருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னால் போய், திரும்ப முன்னால் வாருங்கள். செயினிலும் பல்லிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும்.

கோளாறு: சுற்றுகிறது, ஸ்ராட் ஆகவில்லை, கார்பரேற்றரால் தும்முகிறது

என் ஞாயிற்றுக்கிழமை இதுதான். பொறி நன்றாக அடிக்கிறது, பெற்றோல் வருகிறது, ஆனால் இடைக்கிடை கார்பரேற்றர் வழியாக ‘டப்’ என்று ஒரு தும்மல். ஒருமுறை எயர் கிளீனரே கழன்று விழுந்தது.

பிஸ்ரன் ஒரு முழுச் சுழற்சியில், அதாவது கிராங்கின் இரண்டு சுற்றில், இரண்டு தடவை உச்சிக்கு வரும். ஒருமுறை காற்றை அமத்திக்கொண்டு, வெடிக்கத் தயாராக. மறுமுறை புகையைத் தள்ளிக்கொண்டு. புல்லியின் வெட்டு இரண்டு தடவையும் அதே சுட்டிக்கு நேரே வந்து நிற்கும். எது எது என்று அது சொல்லாது. நான் வெட்டைச் சுட்டிக்குக் கொண்டுவந்து, எந்த ஸ்ரோக் (பிஸ்ரனின் எந்த ஓட்டம்) என்று பார்க்காமலே டிஸ்ரிபியூட்டரின் டிரைவ் கியரை இறக்கிவிட்டேன். 1ஆம் சிலிண்டர் புகை தள்ளும்போது அதற்குப் பொறி போய்க்கொண்டிருந்தது.

கண்டுபிடிக்க இரண்டு வழி. 1ஆம் பிளக் ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு ஒருவரை மெல்ல ஹாண்டிலைச் சுற்றச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அமத்தும் ஸ்ரோக். இன்னும் நம்பிக்கையான வழி, ரொக்கர் மூடியைக் கழற்றிவிட்டு 4ஆம் சிலிண்டரின் வால்வுகளை, அதாவது 7ஐயும் 8ஐயும் பார்ப்பது. ஒன்று மூடிக்கொண்டே வர மற்றது திறக்கத் தொடங்கும் அந்த ஊசலாட்டம் 4இல் நடந்தால், 1ஆம் சிலிண்டர் வெடிக்கும் நிலையில் இருக்கிறது. 1இலேயே ஊசலாடினால் இன்னொரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும்.

இப்போது டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ரோட்டர் 4ஆம் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றால் பிழை அகப்பட்டுவிட்டது. டிஸ்ரிபியூட்டரின் அடியில் உள்ள நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருப்பதால், டிஸ்ரிபியூட்டரைத் தனியே மாற்றிப் பூட்ட முடியாது. கீழே இருக்கும் டிரைவ் கியர்தான் மாறி இறங்கியிருக்கும். நீளமான 5/16 அங்குல யூஎன்எஃப் போல்ட் ஒன்றை அதில் முறுக்கி, மேலே இழுத்து, சரியான பக்கம் திருப்பி இறக்குங்கள். சோம்பலாக இருந்தால் வயர்களை 1க்கு 4, 2க்கு 3 என்று மாற்றிக் கொழுவினாலும் எஞ்சின் ஓடும். பிறகு அந்தக் காரை வாங்குபவர் உங்கள் பரம்பரையையே திட்டுவார்.

தும்மலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2, ஆனால் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. வலஞ்சுழியாக வயர் கொழுவினால் 1உம் 4உம் சரியாக விழும், 2உம் 3உம் இடம் மாறும். ரோட்டர் நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

கோளாறு: ஹாண்டில் திருப்பி உதைக்கிறது

ரைமிங் மிதமிஞ்சி முந்தியிருக்கிறது. பிஸ்ரன் உச்சிக்கு வருமுன்னே வெடித்து, எஞ்சினைப் பின்னால் தள்ளுகிறது. செல்ப் ஸ்ராட்டரில் அடிப்பவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும்: எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்ராட்டர் ஒரு கணம் முட்டி நின்று, பிறகு சுற்றும். பற்றறி பலவீனம் என்று நினைத்துப் புதுப் பற்றறி வாங்கியவரை எனக்குத் தெரியும்.

ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்க வேண்டாம். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமத்தக் கூடாது. எங்கள் பெரியப்பாவுக்கு மணிக்கட்டு இப்படித்தான் போனது.

கோளாறு: இழுவை இல்லை, சூடேறுகிறது

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதற்குச் சரித்திரம் இருக்கிறது. என் கார் மாமாவிடமிருந்து வந்தது. டிஸ்ரிபியூட்டரின் அடித்தட்டிலும் பிளொக்கிலும் சேர்த்து உளியால் வெட்டிய ஒரு கோடு. கையில் தரும்போது மாமா சொன்னது இது ஒன்றுதான்: “தம்பி, என்ன கழட்டினாலும் அந்தக் கோட்டுக்கு நேரை வைச்சுப் பூட்டு. பாஸ் போட்டுத் தந்த கோடு.” பாஸ் என்றால் கராஜ் மெக்கானிக்.

ஆறு வருடம் நானும் அந்தக் கோட்டுக்கு மரியாதை கொடுத்தேன். கார் ஓடும், ஆனால் மாடு இழுப்பது போல ஓடும். ஸ்ராட் ஆவது சுகம், உதைப்பு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. சுன்னாகம் போய் வந்தால் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் பக்கம் கையே வைக்க முடியாது. ஒருநாள் பல்ப் கட்டி அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தக் கோட்டில் வைத்தால் பொயின்ற் திறப்பது ரொப்பையும் தாண்டி. கணக்குக் கேட்டால் மாமா சிரித்தார். 1990களில், போரால் பாதை மூடிப் பெற்றோல் வராத காலத்தில், சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன், அதாவது தானாக முந்தி வெடிக்காமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு. வழமையான ரைமிங்கில் விட்டால் எஞ்சின் தட்டித் தட்டியே பிஸ்ரனைத் தின்றுவிடும். அதனால் பாஸ் ரைமிங்கைப் பிந்த வைத்து, மறக்காமலிருக்கக் கோடும் போட்டிருக்கிறார். அன்றைக்கு அது சரியான கோடு. பாதை திறந்து, 92 ஒக்டேன் பெற்றோல் கையில் வந்த பிறகும் அதை யாரும் அசைக்கவில்லை.

உங்கள் காரிலும் உளிக்கோடு, பஞ்ச் குத்து, பெயின்ற் பொட்டு எதுவும் இருந்தால், அது எந்த எண்ணெய்க் காலத்தில் வைத்தது என்று விசாரியுங்கள். அல்லது அதை மறந்துவிட்டு இப்படி வையுங்கள்.

948 சிசி ஹை கொம்பிரஷன் எஞ்சினுக்கு, ஓடாத நிலையில் ரொப்புக்கு 5 டிகிரி முன்னால். மற்ற எஞ்சின்களுக்கு அதனதன் கைநூலைப் பாருங்கள். 1ஆம் சிலிண்டரை அமத்தும் ஸ்ரோக்கில் கொண்டுவந்து, வெட்டை 5 டிகிரிச் சுட்டிக்கு நேரே நிறுத்துங்கள். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர் கொழுவிய முனையில் 12 வோல்ட் சின்னப் பல்ப் ஒன்றின் ஒரு வயர், மற்றது பொடியில் (காரின் உலோக உடலில்). சாவியைப் போடுங்கள். பொயின்ற் மூடியிருந்தால் பல்ப் எரியாது, திறந்த கணம் எரியும். டிஸ்ரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்தி, பல்ப் அணையும் வரை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். பிறகு மயிரிழை மயிரிழையாக வலஞ்சுழியாக. பல்ப் எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது கொஞ்சம் அசையும், எப்போதும் அசையும். அதனால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, வெட்டு சுட்டிக்கு வரும் அதே கணம் பல்ப் எரிகிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டபடி தேநீர் குடிக்கப் போக வேண்டாம், பொயின்ற் மூடியிருந்தால் கொயில் கொதித்துவிடும்.

சூடேறுவதற்கு ரைமிங் மட்டும் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. ரைமிங் பிந்தினால் சூட்டோடு இழுவையும் போகும். சுண்ணாம்பு அடைத்தால் இழுவை இருக்கும், சூடு மட்டும் மெல்ல மெல்ல ஏறும். எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேற்றரின் முகத்தில் கையை மெதுவாகத் தடவினால் சில இடம் சுடும், சில இடம் சுடாது. நான் இப்போது மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதைத்தான் ஊற்றுகிறேன்.

கோளாறு: இழுக்கும்போது கிலுகிலு சத்தம்

தகரப் பேணிக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும். ரைமிங் கொஞ்சம் முந்திவிட்டது. யாழ்ப்பாணத்தில் இதைப் பிடிப்பது சிரமம், ஏனென்றால் ஏற்றமே இல்லாத ஊர். நாலு பேரை ஏற்றிக்கொண்டு பலாலி வீதியில் போய், மேல் கியரில் 30 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அக்சிலரேற்றரை நன்றாக அமத்திப் பாருங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் இங்கே ஓடப் போதும். ஆனால் மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது அது வெளியே வரலாம். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் ஏ, ஆர் என்ற இரண்டு எழுத்தோடு ஒரு சுரைத் திருகு இருக்கும். ஏ முந்த, ஆர் பிந்த. கிளாம்பைத் தொடாமல் அதை ஆர் பக்கம் சில கிளிக் திருப்பினால் போதும்.

கோளாறு: குறி சரி, கார் பிழை

பல்ப் சரியாக எரிகிறது, வெட்டு சுட்டியில் நிற்கிறது, ஆனாலும் கார் சரியில்லை. இப்போதுதான் பிஸ்ரனிடம் போக வேண்டும்.

ஸ்ரான்லி வீதியிலோ கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ பழைய சாமானாக வாங்கிய புல்லியும் முன்மூடியும் வேறு வேறு எஞ்சினில் இருந்தவையாக இருக்கலாம். மினியிலிருந்து கழற்றிய சில முன்மூடிகளில் சுட்டியே இராது, பழைய மினிக்குக் குறி பிளைவீலில். பின்னால் வந்த சில ஏ சீரிஸ் எஞ்சின்களின் புல்லி, ரப்பரால் ஒட்டிய இரண்டு வளையம். ரப்பர் செத்தால் வெளி வளையம் வழுக்கும், குறியும் அதோடு போகும்.

உண்மையான ரொப்பைப் பிடிக்க, பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் நடுவே ஒரு போல்ட்டை இறுக்கி, முனையை உருட்டையாக அராவிக்கொள்ளுங்கள். அதை 1ஆம் பிளக் ஓட்டையில் பூட்டி, மற்ற மூன்று பிளக்கும் வெளியே இருக்க, கையால் மெல்லச் சுற்றுங்கள். பிஸ்ரன் போல்ட்டில் வந்து முட்டும். முன்மூடியில் ஒரு சுட்டியைத் தெரிந்து, அதற்கு நேரே புல்லியில் சோக்கால் ஒரு கோடு. பிறகு எதிர்த்திசையில் சுற்றுங்கள், மறுபடி முட்டும், அங்கேயும் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில்தான் ரொப். முட்டும்போது பலம் போட வேண்டாம், ஸ்ராட்டரைத் தொடவே வேண்டாம். ஈர்க்கு விட்டுப் பார்க்கும் பழைய பழக்கம் இந்த எஞ்சினில் சரிவராது. பிளக் ஓட்டை பக்கவாட்டில் சரிந்திருக்கிறது, ஈர்க்கு முறிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

5 டிகிரியைக் குறிக்க, புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து 360ஆல் பிரியுங்கள். 360 மில்லிமீற்றர் வந்தால் ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீற்றர். அந்தக் கணக்கில், ரொப் கோட்டிலிருந்து புல்லி சுற்றும் திசையில் 5 டிகிரி தள்ளிப் புதுக் கோடு போட்டால், ரொப்புக்கு முன்னதாகவே அது சுட்டிக்கு வரும்.

ரொப்பும் சரி என்றால் மிஞ்சுவது செயின். ஒரு பல் தவறிப் பூட்டினாலும் எஞ்சின் ஓடும், உயிரில்லாமல் ஓடும். டிஸ்ரிபியூட்டர் கேமிலிருந்து ஓடுவதால், அதைத் திருப்பிப் பொறியைச் சரிசெய்துவிடலாம். வால்வ் திறக்கும் நேரம் மட்டும் பிழையாகவே கிடக்கும். 7உம் 8உம் ஊசலாடும் நடுப்புள்ளி ரொப்பிலிருந்து நன்றாக விலகி விழுந்தால் சந்தேகப்படுங்கள். ரேடியேற்றரைக் கழற்றி, பூட்டுத் தகட்டை நிமிர்த்தி, ஹாண்டில் கொழுவும் அந்தப் பெரிய நட்டை எடுத்தால்தான் முன்மூடி வரும். கிராங்கின் சாவித்துளை (பல்சக்கரத்தைப் பூட்டும் சாவிக்கட்டை இருக்கும் வெட்டு) 12 மணியிலும் கேமின் சாவித்துளை ஏறக்குறைய 1 மணியிலும் நிற்க, புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கிராங் பல்சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய வளையத் தகடுகள் இருக்கும், தொலைக்க வேண்டாம். திரும்பப் பூட்டும்போது முன்மூடியின் போல்ட்டுகளைத் தளர விட்டு, புல்லியைச் செருகி மூடியை நடுவாக்கிய பிறகே இறுக்குங்கள். நான் முதல்முறை அப்படிச் செய்யாததால் இரண்டு மாதம் ஒயில் ஒழுகியது.

கோளாறு: ரைமிங் லைட்டில் குறி துள்ளுகிறது

ரைமிங் லைட் என்பது 1ஆம் பிளக்கின் பொறியோடு மின்னி, ஓடும் எஞ்சினில் குறியைக் காட்டும் விளக்கு. டிஸ்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஆடவில்லை, ஆனால் சும்மா ஓடும்போது முன்பக்கம் சலசலக்கிறது என்றால் செயின் நீண்டுவிட்டது. வேகம் கூட்டும்போது குறி விலகாமல் ஒரே இடத்தில் நின்றால் வேகத்துக்கு ஏற்ப ரைமிங்கை முந்த வைக்க டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள எடைக்கற்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், ஒரு சொட்டு ஒயிலில் பெரும்பாலும் இளகும். லைட்டை அடிக்க முன் டிஸ்ரிபியூட்டரின் வக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள். மைனரில் பற்றறியின் நேர்முனை பொடியில் இருப்பதை மறந்து கிளிப்பை மாற்றிக் கொழுவ வேண்டாம். சாரத்தோடு காற்றாடிக்குக் கிட்டப் போகவும் வேண்டாம்.

வீட்டில் ரைமிங் பெல்ட் போட்ட டீசல் வான் நிற்பவர்கள் அதில் இந்தப் பரிசோதனைகளைச் செய்து பழக வேண்டாம். பல டீசல் எஞ்சின்களில் பெல்ட் சில பல் தவறினாலே வால்வ் பிஸ்ரனில் அடித்து வளைந்துவிடும். அதற்கு அந்த எஞ்சினின் கைநூலும், முன்பு ஒருமுறையாவது அதைச் செய்த ஒருவரும் பக்கத்தில் வேண்டும்.